சங்கச் செயலாளராகிவிட்ட மகளுக்கு

அன்பு மக்ளே,

நீ நர்ஸ்கள் சங்கத்தில் மாவட்டச் செயலாளராக ஜெயித்ததை அப்பா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். பால்காரர் வரைக்கும் விஷயம் போய்விட்டது. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் போனை வைக்கும் முன் ஒன்று சொன்னாயே, அதுதான் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. உனக்கு டூட்டிக்கு நேரமாகிவிட்டதால் அப்போது பேச முடியவில்லை. வாட்ஸ்அப்பில் இவ்வளவையும் தட்ட என் கண்ணும் விரலும் ஒத்துவராது. பேப்பரில் எழுதி, அப்பாவைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன்.

நிரந்தரமில்லாமல் மாதம் ஒரே தொகைக்கு வேலை பார்க்கும் தொகுப்பூதியப் பிள்ளைகளையும் சங்கக் கூட்டத்துக்குக் கூப்பிடலாம் என்று நீ சொன்னதும் சீனியர்கள் முகம் மாறிவிட்டது என்றாய். "அவங்க பிரச்சினை வேற, நம்ம பிரச்சினை வேற. அவங்களைச் சேர்த்தா நம்ம புரமோஷன் கோரிக்கை பின்னால போயிடும்" என்று ஒரு அக்கா நேராகவே சொன்னாராம். நீ கோபத்தில் இருந்தாய், குரலிலேயே தெரிந்தது.

அந்த அக்காவிடம் கோபப்படாதே. அவர் 2003-ஐப் பார்த்தவர். அந்த ஜூலையில் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தபோது, சுமார் 1,70,000 பேரை ஒரே அடியாக வேலையை விட்டு நீக்கினார்கள். அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்யும் உரிமை இல்லை என்று ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பிறகு பெரும்பாலானவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள் என்பது வேறு விஷயம். ஆனால் வேலை இருக்கிறதா போய்விட்டதா என்று தெரியாமல், வீட்டுக் கடனையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தையும் நினைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு காலத்தைத் தாண்டி வந்தவர்கள் இருப்பதைக் காப்பாற்றத்தான் பார்ப்பார்கள். உன் வயதுக்காரர்கள் இதைக் கோழைத்தனம் என்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஆனால் அந்தப் பயத்திலிருந்து அவர் எடுக்கிற முடிவு தப்பு. ராத்திரி வார்டில் இருக்கும் இரண்டு பேரில் யார் நிரந்தரம், யார் தொகுப்பூதியம் என்று நோயாளிக்குத் தெரியுமா? இரண்டு பேரையும் "சிஸ்டர், ட்ரிப் தீர்ந்துபோச்சு" என்றுதான் கூப்பிடுவார். 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் எம்.ஆர்.பி. தேர்வு எழுதி வந்த பிள்ளைகளுக்கு மாதம் 7,700 ரூபாய் கொடுத்தார்கள். இரண்டு வருடத்தில் நிரந்தரப் பணியாளருக்குரிய காலமுறை ஊதியம் என்று சொல்லித்தான் எடுத்தார்கள். இரண்டு வருடம் போனது, ஒன்றும் வரவில்லை. 2017 நவம்பர் கடைசியில் அவர்கள் ஆயிரக்கணக்கில் சென்னை தேனாம்பேட்டையில் மருத்துவத் துறை அலுவலகம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் போய் உட்கார்ந்தார்கள். உயர் நீதிமன்றம் வேலைக்குத் திரும்பச் சொன்ன பிறகுதான் கலைந்தார்கள். சம்பளம் அப்புறம் 14,000 ஆனது, பிறகு 18,000. காலமுறை ஊதியம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. கொரோனா நேரத்தில் அவசரமாக எடுத்தவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை, 2022 டிசம்பர் 31-ஓடு ஒப்பந்தம் முடிந்தது என்று அனுப்பியது உனக்கே தெரியும். கைதட்டி, விளக்கேற்றிய ஊர்தான் இது.

அந்த அக்காவிடம் இதை இரக்கமாகச் சொன்னால் எடுபடாது. கணக்காகச் சொல்லு. குறைந்த சம்பளத்துக்கு ஆள் கிடைத்துக்கொண்டே இருந்தால், காலியாக இருக்கும் நிரந்தர இடத்தை நிரப்ப அரசுக்கு என்ன அவசரம்? கீழே நிரந்தர ஸ்டாஃப் நர்ஸ் இடம் கூடாவிட்டால், மேலே சூப்பரின்டென்டன்ட் இடம் எப்படிக் கூடும்? அவர் கேட்கிற புரமோஷனும் அந்தப் பிள்ளைகள் கேட்கிற காலமுறை ஊதியமும் ஒரே கோப்பில்தான் கிடக்கின்றன.

மேலே இருப்பவர்களுக்கு ஒரு சங்கம், கீழே இருப்பவர்களுக்கு ஒன்று என்பது நம் தொழிலில் பழைய வழக்கம். நாங்கள் படிக்கும்போது இந்திய நர்ஸ்கள் சங்கமான டி.என்.ஏ.ஐ.யின் வரலாறு என்று மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதிவிட்டு மறந்துவிட்டோம். 1905-இல் லக்னோவில் முதலில் தொடங்கியது நர்சிங் சூப்பரின்டென்டன்ட்களுக்கான சங்கம். மற்ற நர்ஸ்களுக்கு என்று 1908-இல் தனியாக ஒன்றை உண்டாக்கினார்கள். இரண்டும் ஒன்றாக 1922 ஆகிவிட்டது. நிர்வாகிகள் கிட்டத்தட்ட அதே ஆட்கள்தான், ஆனாலும் அத்தனை வருடம். நர்சிங் மாணவிகளுக்கு என்று எஸ்.என்.ஏ. சங்கம் வந்ததே 1929-இல்தான். நீ காலேஜில் எஸ்.என்.ஏ. செயலாளராக இருந்தபோது ரங்கோலிப் போட்டிக்குக் கோலப்பொடி வாங்கித்தரச் சொல்லி என்னைப் படுத்தியது ஞாபகம் இருக்கிறதா? அதுவும் ஒரு பயிற்சிதான், சும்மா சொல்லவில்லை.

எங்கள் காலத்தில் செயலாளராக இருந்த அக்காவைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேனா தெரியவில்லை. மேடையில் பேச அவருக்கு வராது. மைக்கைக் கொடுத்தால் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டு இறங்கிவிடுவார். ஆனால் மதியம் டூட்டி மாறும் நேரம் மஞ்சப்பையில் ரசீதுப் புத்தகத்தோடு வார்டு வார்டாக வருவார். சந்தா வாங்குவது ஒரு சாக்கு. யாருக்கு மாமியார் படுத்த படுக்கை, யாருக்கு ஏழாவது மாதம், யாருடைய ஆஃபை மூன்று வாரமாக வெட்டியிருக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு அப்படித்தான் தெரியும்.

ஒரு தடவை ஒரு சின்னப் பெண்ணுக்கு 17(பி) மெமோ, அதாவது ஒழுங்கு நடவடிக்கைக் குற்றச்சாட்டு, வந்துவிட்டது. பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் ஒரே பெயரில் இரண்டு நோயாளிகள். ஊசி ஆள் மாறிப் போய்விட்டது. நல்லவேளை, உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பெண் ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அக்கா வந்ததும் தேற்றவில்லை. "போட்டது நீதானே? கேஸ் ஷீட்டைப் பார்த்துட்டுப் போட்டியா, பார்க்காம போட்டியா? என்கிட்ட மட்டும் நிஜத்தைச் சொல்லு" என்றார். பார்க்கவில்லை என்று சொன்னாள். அதை அப்படியே விளக்கத்தில் எழுத வைத்தார். சிலர், சங்கம் இருப்பதே காப்பாற்றத்தானே, ஒத்துக்கொள்ள வைக்கலாமா என்று முணுமுணுத்தார்கள். அக்கா அதோடு நிறுத்தவில்லை. அன்று ராத்திரி அந்த வார்டில் எத்தனை நோயாளிகள், எத்தனை ஸ்டாஃப் என்று சென்சஸ் நோட்டிலிருந்தும் டூட்டி லிஸ்டிலிருந்தும் எடுத்து விளக்கத்தோடு இணைத்தார். ஐம்பதுக்கு மேல் நோயாளிகள், ஒரே ஒரு நர்ஸ். பயிற்சி மருத்துவமனையில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்று இந்திய நர்சிங் கவுன்சில் சொல்லும் கணக்கையும் கீழே எழுதினார். விசாரணையில் அந்தத் தாள்தான் பேசியது. எச்சரிக்கையோடு விட்டார்கள். அடுத்த மாதம் அந்த வார்டுக்கு நைட்டில் இரண்டாவது ஆள் வந்தார். அதன் பிறகு அந்த அக்கா கூப்பிட்டால் ஆஃபில் இருப்பவர்கள்கூட வருவார்கள்.

அப்புறம் ஒன்று. இனிமேல் உனக்கு நைட் இல்லாத ஓ.பி. டூட்டி போட்டுக்கொடுக்கப் பார்ப்பார்கள். உன் சூப்பரின்டென்டன்ட் அன்பாகத்தான் கொடுப்பார், சங்க வேலைக்கு வசதியாக இருக்கும் என்பார். வாங்கிக்கொள்ளாதே. நைட் பார்க்காத செயலாளரிடம் நைட்டைப் பற்றி யாரும் புகார் சொல்ல வரமாட்டார்கள். பண்டிகை டூட்டியும் அப்படித்தான். கிறிஸ்துமஸை இந்துப் பிள்ளைகளும் பொங்கலைக் கிறிஸ்தவப் பிள்ளைகளும் பார்த்துக்கொள்வது எங்களுக்குள் இருந்த பழக்கம், யாரும் எழுதி வைத்த விதி இல்லை. ரம்ஜானுக்கு ஒரே ஒரு பிள்ளை, அவளுக்கு மாற்றிவிட எப்போதும் போட்டிதான், பிரியாணி வருமே.

மே 12 நர்ஸ் தின விழாவுக்கு ஃபிளெக்ஸ், பொன்னாடை என்று காசைக் கரைக்காதே. மெழுகுவர்த்தி ஏற்றி உறுதிமொழி எடுப்பது நல்லதுதான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அன்றைக்குத்தான் டீன் வருவார், எம்.எல்.ஏ. வருவார், கேமரா வரும். காலியிடப் பட்டியலைக் கையில் கொடுக்க அதைவிட நல்ல நாள் கிடைக்காது.

உன்னோடு படித்துத் தனியார் ஆஸ்பத்திரியில் இருக்கும் பிள்ளைகளையும் மறந்துவிடாதே. டி.என்.ஏ.ஐ. போட்ட வழக்கில் 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் குழு அமைக்கச் சொல்லி, ஐம்பது படுக்கைக்குக் குறைவான ஆஸ்பத்திரியில்கூட நர்ஸின் மாதச் சம்பளம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. நடைமுறைப்படுத்துவதை மாநிலங்களிடம் விட்டுவிட்டார்கள், பேப்பரில் இருக்கிறது. கேரளாவில் 2011-இல் திருச்சூரில் தொடங்கிய யு.என்.ஏ. என்ற நர்ஸ்கள் சங்கம் விடாமல் போராடி, 2018-இல் சம்பளத்துக்கு அரசாணையே வாங்கிவிட்டது. நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் களியக்காவிளை எல்லை தாண்டிக் கேரளாவுக்கு வேலைக்குப் போனவர்கள்தான். அவர்களைக் கேட்டால் அங்கே எப்படி நடந்தது என்று கதை கதையாகச் சொல்வார்கள். ஒரு நாள் உட்கார்ந்து கேளு.

நேந்திரங்காய் சிப்ஸும் பலாக்காய் வற்றலும் பார்சல் போட்டிருக்கிறேன். ஹாஸ்டலில் எல்லோருக்கும் கொடு, நீயே தின்று தீர்க்காதே.

கூட்டத்துக்கு முன்னால் துணைவிதிப் புத்தகத்தை எடுத்து, உறுப்பினர் தகுதி என்ன எழுதியிருக்கிறது என்று பார். நிரந்தரப் பணியாளர் என்று மட்டும் இருந்தால் பொதுக்குழுவில் திருத்தம் கொண்டுவர வேண்டும், அதற்கு எத்தனை பேர் ஆதரவு தேவை என்று அதிலேயே இருக்கும். அந்தத் தீர்மானத்தை நீ முன்மொழியாதே, அந்த அக்காவை முன்மொழியச் சொல்லிக் கேளு. உடனே சம்மதிக்கமாட்டார். அதுவரை தொகுப்பூதியப் பிள்ளைகளைப் பார்வையாளர்களாகக் கூப்பிடு, அதைத் தடுக்க எந்த விதியும் இருக்காது.

அம்மா
நாகர்கோவில்