கயாக்கின் உள்ளேயும் பாருங்கள்: ஒரு திறந்த மடல்

நீலகிரியிலும் பழனி மலையிலும் ஏரிக்கரைகளில் கயாக் என்னும், துடுப்பால் ஓட்டும் ஒடுங்கிய சிறுபடகை வாடகைக்கு விடும் விடுதியினருக்கும், அவர்களுக்கு அனுமதி வழங்கும் அலுவலர்களுக்கும் வணக்கம்.

ஏறுகிறவர் லைஃப் ஜாக்கெட் அணிந்திருக்கிறாரா என்று கரையில் பார்க்கிறார்கள். அது அவசியம்தான். ஆனால் கவிழ்ந்த பிறகு கயாக் எந்த நிலையில் மிதக்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதே இம்மடலின் வேண்டுகோள். மதுரை ஆட்சியராக இருந்த லெவிஞ்ச் 1863-இல் உருவாக்கிய கொடைக்கானல் ஏரியில் நாம் பார்த்துப் பழகிய துடுப்புப் படகு திறந்த படகு. உள்ளே நீர் சேர்ந்தால் கண்ணுக்குத் தெரியும். கயாக்கிலோ முனையும் வாலும் மூடியே இருப்பதால், அங்கே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது வெளியிலிருந்து தெரிவதில்லை.

விலை மலிவான, உள்ளே இறங்கி உட்காரும் கயாக்குகளில் பலவற்றுக்கு, முனைகளுக்குள் நீர் புகாமல் அடைக்கும் தடுப்புச் சுவரே கிடையாது. சிலவற்றில் பின்புறம் மட்டும் ஒன்று இருக்கும். பாலிஎத்திலீன் நீரைவிடச் சற்றே இலேசானது என்பதால் படகு அடியோடு மூழ்கிவிடாது. ஆயினும் பத்தடிக் கயாக்கினுள் 200 லிட்டர் அளவுக்கு நீர் புகலாம்; நீர்மட்டத்தோடு கிடக்கும் அந்தப் படகில் மீண்டும் ஏறவும் முடியாது, நீரோடு சேர்த்துக் கரைக்கு இழுப்பதும் பெரும்பாடு. பின்புறம் மட்டும் தடுப்பு இருந்தால் முன்முனை அமிழ்ந்து வால் மேலே தூக்கிக்கொள்ளும். குளிர்ந்த நீரில் திடீரென விழுந்தவருக்கு முதலில் மூச்சு திணறும், சில நிமிடங்களில் கைவிரல்கள் வலுவிழக்கும் என்பதால், மார்கழி, தை மாதங்களில் பற்றிக்கொள்ள உறுதியான ஒரு படகு இருப்பது லைஃப் ஜாக்கெட்டுக்கு அடுத்த பாதுகாப்பு.

மேலே உட்கார்ந்து ஓட்டும் வகை பெரும்பாலும் பாதுகாப்பானது. அதன் துளைகள் வழியே நீர் தானே வடிந்துவிடும். எனினும் வடிகால் மூடி தொலைந்தாலோ கூடு விரிசல் விட்டாலோ நீர் மெல்லக் கசிந்து உள்ளே சேர்ந்து, படகு சாயும்போது ஒரு பக்கமாக ஓடிக் கவிழ்த்துவிடும். வாடகைக்கு விடுமுன் தூக்கி ஆட்டிப் பார்த்தால் நீரின் சத்தம் கேட்கும்.

தீர்வுக்குப் பெரிய செலவில்லை. இரு முனைகளிலும் காற்றுப் பைகளையோ நீர் உறிஞ்சாத நுரைக்கட்டைகளையோ திணித்துக் கட்டினால், அவை நீரை விலக்கும் ஒவ்வொரு லிட்டர் இடமும் ஏறத்தாழ ஒரு கிலோ தாங்கும். கட்டாமல் விட்ட பை கவிழ்ந்தவுடன் வெளியே மிதந்து போய்விடும். தெர்மாகோல் எளிதில் உதிர்ந்துவிடுவதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மலைக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பொட்டலம் குன்னூர் சேர்வதற்குள் உப்பிவிடுவதை எல்லோரும் பார்த்திருப்போம். உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால், சமவெளியில் இறுக ஊதிய காற்றுப் பையும் இங்கு வருவதற்குள் நான்கில் ஒரு பங்கு வரை விரியப் பார்க்கும், தையல் விடும். காற்றுப் புகாமல் மூடிய அறைகளின் ஒட்டுப் பசையும் அதே அழுத்தத்தில் பிரியக்கூடும். எனவே ஏற்றி வரும்போது மூடிகளைத் திறந்துவையுங்கள், பைகளை இங்கு வந்து ஊதுங்கள். வெயிலில் ஊதிய பை குளிர்ந்த நீரில் சுருங்கும் என்பதால், நீரில் வைத்த பின் மறுபடி சரிபாருங்கள்.

அனுமதி அலுவலர்களிடம் கேட்பது ஒன்றே. கோடை சீசன் தொடங்குமுன் ஒவ்வொரு கயாக்கையும் கரையோரத்து ஆழமற்ற நீரில் விளிம்பு வரை நிரப்பச் செய்து, இரு முனைகளும் சமமாக மிதக்கின்றனவா, பக்கத்தில் ஒருவர் பற்றித் தொங்கினாலும் தாங்குகிறதா என்று நேரில் பாருங்கள். தாங்காத கயாக்கை, மிதவை பொருத்தி மறுசோதனை முடியும் வரை, வாடகைக்கு விட அனுமதிக்காதீர்கள்.