தம்பி, இந்த முறை கையெழுத்துப் போடாதே

அன்புள்ள தம்பிக்கு,

கொழும்பிலுள்ள உன் உதைபந்தாட்டக் கழகம் இன்னொரு சீசனுக்கு ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது என்று அம்மா சொன்னா. போனில் கேட்டால் "பார்ப்பம் அக்கா" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். உன்னைப் போலவே யோசித்துக்கொண்டிருக்கும் மற்றப் பெடியன்களும் வாசிக்கட்டும் என்றுதான் எல்லாரும் பார்க்க எழுதுகிறேன்.

யாகப்பர் கோவில் திருவிழாப் பூசையில் எல்லாரும் முழந்தாளிட்டபோது நீ வாங்கைப் பிடித்தபடி நின்றாய். வலது காலை மடக்கப் பார்த்து, பாதியில் விட்டு, யாரும் கண்டார்களா என்று திரும்பிப் பார்த்தாய். நான் கண்டேன். அன்றிரவு வீட்டில் படி இறங்கும்போது சுவரில் கை, முதலில் வலது கால், பிறகு இடது கால். பிசியோதெரபிக்கு என்னிடம் வரும் அறுபது வயதுக்காரர் இறங்குவது அப்படித்தான். உனக்கு 27.

உன் முழங்காலின் முன் தசைநார் இரண்டு தரம் அறுந்து, இரண்டு தரமும் புதிதாக வைத்துக் கட்டினார்கள். இரண்டாம் தரம் மெனிஸ்கஸிலும், அதாவது மூட்டுக்குள் மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்பிலும், ஒரு துண்டை வெட்டி எடுத்தார்கள். பாரத்தை வாங்கி மூட்டைக் காப்பது அதுதான், வெட்டினது திரும்ப வளராது. இப்படிக் காயப்பட்ட முழங்கால்களில் ஏறக்குறையப் பாதி 10, 20 வருடத்துக்குள் தேய்ந்துவிடுகின்றன. செயற்கை மூட்டு வைக்கலாமே என்பாய். அதுவும் ஒருநாள் தேயும் என்பதால் வயது குறைந்தவர்களுக்கு வைக்க டொக்டர்மார் தயங்குவார்கள். மட்சுக்கு முன் போடுகிற ஊசி வலியை மறைக்குமே தவிர காயத்தை ஆற்றாது.

நெதர்லாந்தின் பெரிய உதைபந்தாட்டக்காரர் வான் பாஸ்டன் கடைசியாக ஆடியது 1993இல், 28 வயதில். கணுக்கால் சரிவரும் என்று இரண்டு வருடம் காத்திருந்துவிட்டு 1995இல் ஓய்வை அறிவித்தார். ஆர்ஜென்டீனாவுக்குக் கோல் அடித்துத் தந்த பத்திஸ்துதா ஓய்வுக்குப் பிறகு வலி தாங்காமல் கால்களை வெட்டிவிடச் சொல்லி டொக்டரிடம் கெஞ்சியதாகத் தானே சொன்னார். இத்தாலியில் உழைத்த காசு கையில் இருந்தும் அந்த நிலைமை.

சரி, காசு. உன் பயம் நியாயமானது. வீட்டு லோன் முடியவில்லை, அம்மாவின் சங்கிலி இன்னும் அடைவில் இருக்கிறது. ஒரு சீசன் காசு வந்தால் சங்கிலியை மீட்கலாம், உண்மைதான். ஆனால் அந்த ஒப்பந்தத்தை நான் இரண்டு தரம் வாசித்தேன். காயப்பட்டால் சம்பளம் தொடரும் என்று எங்கேயும் இல்லை. ஈபிஎஃப், அதுதான் ஊழியர் சேமலாப நிதி, பற்றி ஒரு வரி இல்லை. சாதாரண வேலையில் 60,000 ரூபாய் சம்பளம் என்றால் உன் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் சேர்ந்து மாதம் 12,000 உன் பெயரில் விழும். கழகத்தில் இத்தனை வருடம் ஓடியும் அப்படி ஒரு சதம் சேரவில்லை என்பதை நினைக்க எனக்கு வயிறு எரிகிறது. விளையாட்டை நம்பியிருந்தால் கால் நன்றாக இருந்தாலும் நிச்சயம் இல்லை: 2023 ஜனவரியில் உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பிபா இலங்கையைத் தடை செய்து ஆகஸ்டில்தான் எடுத்தது, அந்த ஜூனில் தெற்காசிய நாடுகளின் சாஃப் போட்டிக்கே நம் அணி போகவில்லை.

மூன்றாம் தரமும் நார் அறுந்தால் அப்பாவின் படகில் ஏறி நின்று வலை இழுக்கவும் முடியாது. அரச ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம், கடலுக்குப் போகாத நாளின் வருமானத்தை யார் தருவார்கள்?

பந்தை விடு என்று நான் சொல்லவில்லை. உதைபந்தே மூச்சான குருநகரில் பிறந்தவனிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பின் (ஏஎஃப்சி) பயிற்றுநர்களுக்கான சி லைசன்ஸ் பயிற்சிக்கு விண்ணப்பி. பற்றிக்ஸ், ஹென்றியரசர் மாதிரிப் பள்ளிக்கூடங்கள் இருக்கிற யாழ்ப்பாணத்தில் ஆட்டத்தை வாசிக்கத் தெரிந்த பயிற்றுநருக்கு இடமிருக்கும். தொடக்கத்தில் சம்பளம் குறைவுதான். ஒரு வருடத்துக்கு லோனின் பாதியை நான் கட்டுகிறேன், அத்தானிடமும் கதைத்துவிட்டேன். சங்கிலிக்கு அவசரம் இல்லை என்று அம்மாவே சொல்கிறா.

வெள்ளிக்கிழமை இரவு பஸ்ஸில் வா. எம்ஆர்ஐ படத்தையும் வங்கிப் புத்தகத்தையும் எடுத்து வா. ஒப்பந்தத்தை அதுவரை திருப்பி அனுப்பாதே.

அன்புடன்,
அக்கா