72 சதவீதம் எதிலிருந்து?

காரைக்குடி

அன்புள்ள மகனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய சவுண்ட்பார் (டிவிக்கு வைக்கிற நீள ஸ்பீக்கர்) விளம்பரத்தைப் பார்த்தேன். 24,990 ரூபாய்ச் சாமான் 6,999-க்காம், 72 சதவீதம் தள்ளுபடியாம், 400 வாட்ஸாம். அவசரப்பட்டுப் பணம் கட்டிவிடாதே.

முதலில் அந்த 24,990-ஐப் பிடி. எம்ஆர்பி என்பது அதற்கு மேல் விற்கக்கூடாது என்கிற வரம்பு, அவ்வளவுதான். அந்த விலைக்கு ஒரு நாளாவது விற்றார்களா என்று அது சொல்லாது. மாடல் நம்பரைப் போட்டு வேறு இரண்டு இடத்தில் தேடு. பழைய விலைகளைக் காட்டும் செயலிகள் இருக்கின்றனவே, அதிலும் பார். மூன்று மாதமாக ஏழாயிரத்தைச் சுற்றியே இருந்தால் அதன் விலையே அதுதான். மாடல் நம்பர் போடாத விளம்பரம் என்றால் அப்போதே மூடிவிடு.

அடுத்து அந்த 400 வாட்ஸ். குன்றக்குடி பங்குனி உத்திரத்துக்கு ஹாரன் ஸ்பீக்கர் கட்டிய எனக்கு இதைப் பார்த்துச் சிரிப்புதான் வருகிறது. கடைசிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்; அடாப்டர் ஸ்டிக்கரில் 18 வோல்ட், 3 ஆம்பியர் என்றிருக்கிறது. பெருக்கினால் 54 வாட்ஸ். உள்ளே போவதே அவ்வளவுதான் என்றால், வெளியே 400 எப்படி நின்று வரும்? இமைப்பொழுது உச்சத்தை ஊதிப் பெருக்கிக் காட்டுகிற பிஎம்பிஓ கணக்கு அது. நீ கேட்க வேண்டியது ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தரக்கூடிய வாட்ஸ். இது மிஞ்சினால் நாற்பது இருக்கும். உன் அறைக்கு நாற்பதே தாராளம், அதில் குறை இல்லை. ஆனால் 40 வாட்ஸ் சவுண்ட்பார் மற்ற கம்பெனிகளில் என்ன விலை என்று பார்த்துவிட்டு, இது மலிவா என்று சொல்.

நிஜத் தள்ளுபடியும் உண்டு. புது மாடல் வந்தால் பழையதைத் தள்ளிவிடுவார்கள். காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது, அதைத் தைரியமாக வாங்கலாம். ஆடியில் துணிக்கடைக்காரரிடம் உன் அம்மா கேட்பாளே, "ஏன் குறைக்கிறீக?" என்று, அதையே இங்கும் கேள். காரணம் இருக்க வேண்டும், வாரண்டி முழுசாக இருக்க வேண்டும்.

"இன்னும் 14 நிமிடம்" என்று ஓடுகிற கடிகாரத்தைப் பார்த்துப் பதறாதே. அதையே மருமகள் போனில் திறந்து பார். அங்கே முதலிலிருந்து ஓடினால் பொய்க் கடிகாரம். இப்படிப் போலி அவசரம் காட்டுவதை மத்திய அரசின் 2023 விதிமுறைகள் தடுக்கின்றன. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் போட்டுப் புகார் சொல்லலாம்.

எதை வாங்கினாலும் ஜிஎஸ்டி பில்லோடு வாங்கு. ஸ்டிக்கரில் ஆர் என்று தொடங்கும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் அடித்துப் பார்; கம்பெனி பெயர் ஒத்துப்போகிறதா என்று தெரிந்துவிடும்.

வேறு மாடல் ஏதாவது கண்ணில் பட்டால் அடாப்டர் படத்தையும் சேர்த்து அனுப்பு. அம்மா சீப்புச் சீடை பார்சல் போட்டிருக்கிறாள், சனிக்கிழமை வரும். வீட்டில் ஆள் இருக்கட்டும்.

அன்புடன்
அப்பா