அடிபம்பு இறக்கியதோடு வேலை முடியவில்லை

ஏழை நாடுகளில் குடிநீர்த் திட்டங்களுக்குப் பணம் தரும் சர்வதேச அமைப்புகளுக்கு,

வணக்கம். இத்தனை கிராமங்களில் இத்தனை அடிபம்புகள் அமைத்தோம் என்று உங்கள் ஆண்டறிக்கைகளில் ஒரு கணக்கு வரும். இறக்கிய பம்பில் இன்று என்ன தண்ணீர் வருகிறது என்ற கணக்கையும் அதன் பக்கத்தில் போடுங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

வங்கதேசத்தில் 1970களில் யுனிசெஃபும் அரசும் கிராமம் கிராமமாகக் குழாய்க் கிணறு இறக்கியதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. குளத்துத் தண்ணீரைக் குடித்த குழந்தைகள் வயிற்றுப்போக்கில் செத்துக்கொண்டிருந்தார்கள். நிலத்தடி நீரில் அந்தக் கிருமிகள் இல்லை. மக்கள் நம்பினார்கள், பிறகு சொந்தக் காசிலேயே லட்சக்கணக்கில் இறக்கிக்கொண்டார்கள். மண்ணிலிருந்து நிலத்தடி நீரில் கரையும் ஆர்சனிக் என்ற நஞ்சு இருக்கிறதா என்று மட்டும் யாரும் பார்க்கவில்லை. அந்தக் காலத்து வழக்கமான நீர்ப் பரிசோதனையில் அது சேர்க்கப்படவில்லை. சரி, அதுவரை ஏற்றுக்கொள்ளலாம்.

ஆனால் 1980களின் தொடக்கத்திலேயே மேற்கு வங்கத்தில் ஆர்சனிக் நோயாளிகள் கண்டறியப்பட்டுவிட்டார்கள். எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒரே கங்கைச் சமவெளி வண்டல்தான். வங்கதேசக் கிணறுகளில் அது உறுதியானது 1993இல். நாடு தழுவிய சோதனை அதற்கும் பல ஆண்டுகள் கழித்துத்தான் நடந்தது. அத்தனை காலமும் புதுக் குழாய்கள் இறங்கிக்கொண்டே இருந்தன. இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஒருவழியாகச் சுமார் 50 லட்சம் கிணறுகளைச் சோதித்து பம்பின் வாயில் வண்ணம் பூசினார்கள். பச்சை என்றால் குடிக்கலாம். சிவப்பு என்றால் துணி துவைக்க மட்டும். ஏறக்குறைய 14 லட்சம் பம்புகள் சிவப்பாயின. வாசலில் இருக்கும் பம்பு சிவப்பு, பச்சை பம்பு இருப்பதோ இன்னொருவர் முற்றத்தில் என்றால் அந்த வீட்டுப் பெண் என்ன செய்வாள்? தினமும் பலமுறை குடத்தோடு போய் நிற்க வேண்டும், அவர்கள் முகம் சுளித்தாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பக்கம் தன் பம்பில் வரும் தண்ணீரோ பளிங்குபோல் இருக்கிறது. நாற்றமில்லை, ருசியில் மாற்றமில்லை. கொதிக்க வைத்தாலும் ஆர்சனிக் போகாது. பல ஆண்டுகள் கழித்து உள்ளங்கையும் பாதமும் தடித்து வெடிக்கும், பிறகு சிலருக்குப் புற்றுநோய். தொற்றுநோய் என்று நினைத்து ஊர் ஒதுங்கும். அப்புறம் அந்த வீட்டுப் பெண்ணுக்கு வரன் அமைவதும் கஷ்டம்.

பூசிய வண்ணம் சில ஆண்டுகளில் உரிந்துபோனது. சோதிக்காத புதுக் கிணறுகள் வந்தன. 2016இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு வெளியிட்ட அறிக்கையின்படி, அப்போதும் சுமார் 2 கோடிப் பேர் அந்நாட்டின் வரம்புக்கு மேல் ஆர்சனிக் உள்ள நீரைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வரம்பே லிட்டருக்கு 50 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது 10.

சோதிப்பது பெரிய வித்தையும் இல்லை. ஒரு குப்பியில் தண்ணீரை எடுத்து, பொடிகளைப் போட்டு, மூடியில் காகிதத் துண்டைச் செருகி அரை மணி நேரம் காத்திருந்தால் போதும். காகிதம் வெள்ளையாகவே இருந்தால் நல்லது, மஞ்சளாகிப் பழுப்பானால் ஆபத்து. ஊரில் படித்த பெண் ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்தால் செய்துவிடுவார். ஆனால் பத்தடி தள்ளியிருக்கும் இரண்டு கிணறுகளில் ஒன்று நல்லதாகவும் மற்றது நஞ்சாகவும் இருக்கலாம் என்பதால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதித்தாக வேண்டும். அதைத் தொடர்ந்து செய்பவருக்குச் சம்பளம் வேண்டும். உங்கள் நிதியோ திட்டக்காலம் முடிந்ததும் நின்றுவிடுகிறது.

சொந்தக் காசில் போட்ட கிணறு எங்கள் பொறுப்பில்லை என்று சொல்லாதீர்கள். குழாய்க் கிணற்று நீரே நல்லது என்று அவர்களை நம்ப வைத்ததில் உங்களுக்கும் பங்கு உண்டு. இனி நீங்கள் பணம் தரும் ஒவ்வொரு திட்டத்திலும் பரிசோதகரின் சம்பளத்தையும் சோதனைப் பொருட்களின் செலவையும் குறைந்தது பத்து ஆண்டுகளுக்கு ஒதுக்குங்கள். ஒவ்வொரு பம்பின் ஆழத்தையும் சோதனை முடிவையும் ஊர் மொழியில் வெளியிடுங்கள். ஆர்சனிக்குக்குத் தப்ப ஆழ்துளைக் கிணறு இறக்கினால், செல்வாக்குள்ளவர் வீட்டு முற்றத்தில் வேண்டாம், எல்லோரும் கேட்காமலே வந்து பிடிக்கும் பொது இடத்தில் இறக்குங்கள்.