கிராமர் பெற்ற கிளாமர்

அன்புள்ள தேன்மொழி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி, சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விடு. சின்னவள் ஆங்கில இலக்கியம் எடுத்திருக்கிறாள், அவள் புத்தகங்களை நானும் புரட்டுகிறேன். அதில் ஒரு சொல்லின் கதையைப் படித்ததும், காலமெல்லாம் பிள்ளைகளுக்கு இலக்கணம் நடத்துகிற உனக்குத்தான் முதலில் எழுதத் தோன்றியது.

கிளாமர் என்றால் நமக்குச் சினிமா நடிகைதான் ஞாபகம் வரும். ஆனால் அந்தச் சொல் பிறந்ததே கிராமரிலிருந்துதான்! ஸ்காட்லாந்துக்காரர்கள் வாயில் ‘ர’ ‘ல’ ஆகிவிட்டது. அங்கே அதற்குப் பொருள் மந்திரம், அதிலும் பார்ப்பவர் கண்ணைக் கட்டும் வித்தை. அந்தக் கால ஐரோப்பாவில் கிராமர் என்றால் லத்தீன் படிப்பு. எழுத்து வாசனை இல்லாத ஜனங்களுக்கு, புரியாத பாஷையில் புத்தகத்தைப் பார்த்து முணுமுணுக்கிறவன் மந்திரவாதியாகத்தானே தெரிவான்? 13ஆம் நூற்றாண்டில் மைக்கேல் ஸ்காட் என்று ஒரு அறிஞர், அரிஸ்டாட்டிலை அரபியிலிருந்து லத்தீனுக்குக் கொண்டுவந்தவர், அவரையே ஊர் மந்திரவாதி ஆக்கிவிட்டது. பிரெஞ்சில் மந்திரப் புத்தகத்துக்குச் சொல்லும் ‘கிரிம்வார்’கூட கிராமர் வழி வந்ததுதான்.

அப்புறம் 1805இல் ஸ்காட்லாந்துக் கவிஞர் வால்டர் ஸ்காட் எழுதிய ஒரு நெடும்பாட்டில், அந்த மைக்கேல் ஸ்காட்டின் கல்லறையிலிருந்து அவருடைய புத்தகத்தை எடுக்கிறார்கள். அதில் உள்ள ஒரு சின்ன மந்திரத்தைப் படித்தால் கொட்டை ஓடு பொன்முலாம் பூசிய படகாகத் தெரியும், குடிசை மாளிகையாகும், கிழம் இளமையாகும், நிலவறைச் சுவரில் தொங்கும் ஒட்டடை அரண்மனைத் திரைச்சீலையாகிவிடும். எனக்கு அந்த ஒட்டடை ரொம்பப் பிடித்துவிட்டது, அந்தக் கவிஞர் எதையோ உற்றுப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார். இந்தச் சக்திக்குத்தான் அவர் கிளாமர் என்கிறார், அந்தச் சொல் ஆங்கிலத்தில் பரவியதும் அவரால்தான். பிறகு மந்திரம் போய்க் கவர்ச்சி மட்டும் மிஞ்ச, 1930களில் ஹாலிவுட் அதை நடிகைகளுக்கே பட்டா போட்டுக் கொடுத்துவிட்டது.

எனக்கு அதில் வருத்தம்தான். படித்தவர்களைப் பார்த்து ஊர் வாய்பிளந்து நின்ற காலத்துச் சொல், இன்றைக்கு உடம்போடு நின்றுவிட்டதே. சரி, அடுத்த முறை நன்னூல் எடுக்கும்போது உன் பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பார், அவர்கள் என்ன கேட்டார்கள் என்று எனக்குக் கட்டாயம் எழுது.

அன்புடன்,
மல்லிகா