கையெழுத்துக்குத் தயாராக இருந்த ராஜினாமா

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் வந்த 1943 வங்கப் பஞ்சம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். சர்ச்சிலை வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறார் கட்டுரையாளர். வாங்கத்தான் வேண்டும். ஆனால் லண்டனுக்கும் வங்காளத்தின் மேதினிப்பூர் மாவட்டக் கிராமங்களுக்கும் நடுவே கல்கத்தா கவர்னர் மாளிகையில் ஒருவர் உட்கார்ந்திருந்தாரே! அவரை, "மேலிடத்து உத்தரவை நிறைவேற்றியவர்" என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டார். அந்த ஒரு வரியோடுதான் எனக்கு வழக்கு.

அந்தக் கவர்னர் சர் ஜான் ஹெர்பர்ட், ஐ.சி.எஸ். என்ற அரசு அதிகாரிகளின் படிக்கட்டில் ஏறி வந்தவர் அல்ல. ராணுவத்தில் இருந்துவிட்டு, 1934 முதல் பிரிட்டனின் மன்மவுத் தொகுதியின் கன்சர்வேட்டிவ் எம்.பி.யாக இருந்தவர். 1939 நவம்பரில் வங்காள கவர்னர் ஆனார். அதற்குள் யுத்தம் தொடங்கிவிட்டது. காங்கிரஸ் மந்திரிசபைகள் ராஜினாமா செய்த சென்னை, பம்பாய் போன்ற மாகாணங்களில் 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் 93ஆம் பிரிவின்படி கவர்னர்களே நேரடியாக ஆண்டார்கள். நல்லதோ கெட்டதோ, யார் பொறுப்பு என்பதில் அங்கே குழப்பமில்லை. வங்காளத்திலோ பிரதமர் பஸ்லுல் ஹக்கின் மந்திரிசபை தொடர்ந்தது. அதிகாரம் ஒருவரிடமும் பழி இன்னொருவரிடமும் போய்ச் சேர்ந்த கதை அங்கேதான் ஆரம்பம்.

1942 மார்ச்சில் பர்மாவின் தலைநகர் ரங்கூன் ஜப்பானியரிடம் வீழ்ந்ததும், ஜப்பானியர் கையில் எதுவும் சிக்கக்கூடாது என்று கடலோர மாவட்டங்களிலிருந்து அரிசியையும் படகுகளையும் அப்புறப்படுத்த முடிவானது. ராணுவத்தின் யோசனைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை நடத்திய விதம் கவர்னருடையது. மந்திரிசபையைத் தாண்டி, கீழே இருந்த ஓர் அதிகாரியிடமே நேரடியாக உத்தரவு போயிற்று என்று அந்த ஆண்டு ஆகஸ்டில் ஹக் அவருக்குக் காரசாரமாகக் கடிதம் எழுதினார். பத்துப் பேருக்கு மேல் ஏற்றக்கூடிய படகுகள்தான் குறி. பதிவான சுமார் 66,000 படகுகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டன. ஆறே சாலையாக இருக்கும் அந்த டெல்டாவில் படகு இல்லையென்றால் மீனவன் வலை வீச முடியாது, ஆற்றுத் தீவில் நிலம் வைத்திருப்பவன் வயலுக்கே போக முடியாது, விளைந்த நெல் சந்தைக்கு வராது. நஷ்டஈடு கொடுத்தார்கள். ரூபாய் நோட்டு மிதக்குமா என்ன?

அக்டோபர் 16 அன்று மேதினிப்பூரைப் புயல் அடித்துப் போட்டது. ஏற்கெனவே அது ஆகஸ்ட் போராட்டத்தின், அதாவது வெள்ளையனே வெளியேறு இயக்கத்தின் கோட்டை. அங்கே நடந்த அடக்குமுறையையும் நிவாரணத்தில் காட்டிய மெத்தனத்தையும், நிர்வாகத்தில் கவர்னரின் தலையீட்டையும் சாடி நவம்பரில் நிதியமைச்சர் சியாமா பிரசாத் முகர்ஜி பதவி விலகினார்.

கட்டுரையில் விட்டுப்போன முக்கியமான காட்சி 1943 மார்ச் 28 மாலை நடந்தது. ஹக்கைக் கவர்னர் மாளிகைக்கு அழைத்தார்கள். அங்கே அவருடைய ராஜினாமாக் கடிதம் முன்பே டைப் அடித்துத் தயாராக இருந்தது! சர்வகட்சி அரசு அமைக்க வழிவிடுவதாகச் சொல்லும் கடிதம். ஹக் கையெழுத்துப் போட்டார். சர்வகட்சி அரசு மட்டும் வரவே இல்லை. சில வாரம் 93ஆம் பிரிவு ஆட்சி, பிறகு ஏப்ரல் 24இல் நஜிமுத்தீன் தலைமையில் முஸ்லிம் லீக் மந்திரிசபை. இதை நடத்திய விதம் வைஸ்ராய் லின்லித்கோவுக்கே பிடிக்கவில்லை. மேலிடத்து உத்தரவை நிறைவேற்றிய லட்சணம் இது.

அதே நாட்களில் கல்கத்தாவில் அரிசி மணங்கு 21 ரூபாய், மே மாதம் 30 ரூபாய்க்கு மேல். அதாவது சுமார் 37 கிலோவின் விலை. முந்தைய நவம்பரில் அது 10 ரூபாயைத் தாண்டவில்லை. வீடு பற்றி எரியும்போது கவர்னருக்கு மந்திரிசபை மாற்றுவதில் கவனம் போனது என்பதுதான் என் குற்றச்சாட்டு. ஹக்கும் அவருடைய சகாக்களும் உத்தமர்கள் என்று நான் வாதாடவில்லை. விலைக் கட்டுப்பாட்டைக் கைவிட்டது அவர்கள் காலத்தில்தான், அதே மார்ச் மாதம்.

லின்லித்கோவும் நல்லவரல்ல. வங்காளத்துக்கே பற்றாக்குறை வந்தாலும் சரி, இலங்கைக்கு அரிசி அனுப்பியாக வேண்டும் என்று 1943 ஜனவரியில் ஹக்கிடம் அழுத்திச் சொன்னவர் அவர். இலங்கைத் தோட்டங்களில் நம் மக்களும் அந்த அரிசியை நம்பித்தான் இருந்தார்கள் என்பதால் இந்தச் செய்தியைப் படிக்கும்போது மனம் ஒரு பக்கமாகச் சாய மறுக்கிறது.

ஹெர்பர்ட்டுக்கு நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். ஜூலையில் நிலைமை கைமீறுகிறது, தானியம் அனுப்புங்கள் என்று டெல்லிக்கு அவர் எழுதத்தான் செய்தார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. செப்டம்பரில் நோயாளியாகி ஒதுங்கினார்; டிசம்பர் 11இல் கல்கத்தாவிலேயே இறந்தார். கல்கத்தாவில் ரேஷன் முறை வந்தது 1944 ஜனவரி 31இல்தான். பம்பாய் நகரத்தில் முந்தைய ஆண்டு மே மாதமே வந்துவிட்டது.

1945இல் பஞ்சத்தை விசாரித்த உட்ஹெட் கமிஷன் இறந்தவர்களைச் சுமார் 15 லட்சம் என்று கணக்கிட்டது; பிற்கால ஆய்வாளர்கள் சிலர் 30 லட்சம், அதற்கு மேலும்கூடச் சொல்கிறார்கள். 1943இன் தொடக்கத்தில் கவர்னருக்கும் மந்திரிசபைக்கும் ஒத்துழைப்பு இல்லாமல் போனதையும் அதே அறிக்கை குறிப்பிடுகிறது. கட்டுரையாளர் அந்த அறிக்கையின் மரண எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு இந்தக் குறிப்பை மட்டும் விட்டிருக்கிறார்.

பஞ்சத்தின் உச்சத்தில் தற்காலிக கவர்னராக வந்தவர் பீகாரின் ரூதர்போர்டு. பஞ்சச் சட்ட விதிகளின்படி பஞ்சத்தை அறிவிக்காததற்கு அவர் சொன்ன காரணம், விதிப்படி கொடுக்க வேண்டிய அளவு உணவே கையிருப்பில் இல்லை என்பது. அவரைப் பற்றியும் உங்கள் பத்திரிகையில் ஒரு கட்டுரை வர வேண்டும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்