பாப்பாவுக்கு, படிக்கட்டு கார்பெட் விஷயமாக

ஜெலுத்தோங், பினாங்கு
ஞாயிறு, ராத்திரி

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. தம்பிக்கு இந்த மாதம் ராத்திரி ஷிப்ட்.

நீ அம்மாவுக்கு அனுப்பிய படத்தைப் பார்த்தேன். அவள் காட்டவில்லை. போனை மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தாள், நான் எடுத்துப் பார்த்தேன். புது வீட்டுப் படிக்கட்டைப் படம் எடுத்து, "கார்பெட் போட்டா நல்லதாம்மா? என்ன மாதிரி போடலாம்?" என்று கேட்டிருந்தாய். 31 வருஷம் பத்துபெரிங்கி கடற்கரை ஓட்டல்களிலும் ஜார்ஜ்டவுன் ஆபீஸ்களிலும் முட்டி போட்டு கார்பெட் விரித்தவன் இந்த வீட்டில்தான் இருக்கிறேன். நீ அம்மாவைக் கேட்டிருக்கிறாய். சரி, கேட்டவரைக்கும் நல்லது. பதில் நான் சொல்கிறேன். போனில் இவ்வளவு தட்ட எனக்கு வராது, அதனால் தபாலில் அனுப்புகிறேன். இது வந்து சேரும்வரை எதையும் வாங்கிவிடாதே. வெறும் மரப்படி அது, சாக்ஸ் போட்டுக்கொண்டு இறங்காதே.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். லீட்ஸில் சொந்தமாக வீடு வாங்கிவிட்டாய். உன் தாத்தா தோட்டத்து லயத்தில் பிறந்தவர், அவருக்குப் படி என்றால் வாசல்படி ஒன்றுதான். கோப்பிக் கடையில் மூன்று பேரிடம் சொன்னேன். "மகள் எப்போ சொன்னா?" என்று ஒருவர் கேட்டார். நேற்று சொன்னாள் என்றேன். நீ என்னிடம் சொல்லவே இல்லை என்பதை அவர்களிடம் எப்படிச் சொல்வது?

இப்போது படிக்கு வருவோம். படத்தைப் பெரிதாக்கி எண்ணினேன், 13 படி. மேலே திரும்பும் இடத்தில் மூன்று படி முக்கோணமாக இருக்கிறது. ரொம்பச் செங்குத்து. இங்கே 1984 கட்டடச் சட்டப்படி ஒரு படியின் உயரம் 180 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, கால் வைக்கும் அகலம் 255க்குக் குறையக்கூடாது. அங்கே இங்கிலாந்தில் வீட்டுப் படி என்றால் உயரம் 220, அகலமும் 220 என்றாலே போதும் என்று விடுகிறார்கள். உன் வீடு அந்தச் சட்டத்துக்கெல்லாம் முந்தியது போலத் தெரிகிறது. கால் வைக்க இடமே குறைவு. அதனால்தான் சொல்கிறேன், மெத்துமெத்தென்று தடியான கார்பெட் கேட்காதே. கடைக்காரன் கையை வைத்து அழுத்திக் காட்டுவான், சொகுசாகத்தான் இருக்கும். படியின் முனையில் தடிமன் உருண்டுவிட்டால் இருக்கிற அகலமும் போய்விடும். இறங்கும்போது கால் முனையில் வழுக்கும்.

கார்பெட்டின் முடி குட்டையாக, நெருக்கமாக இருப்பதை எடு. மாதிரித் துண்டை வாங்கி முடி வெளியே தெரியும்படி பின்பக்கமாக மடித்துப் பார், படியின் முனையில் அது அப்படித்தான் மடியும். அடித்துணி பல்லிளித்தால் வேண்டாம். கம்பளி 80 பங்கும் நைலான் 20 பங்கும் கலந்தது அங்கே கிடைக்கும், படிக்கு அதுதான் சரி. கம்பளி நசுங்கினாலும் எழுந்து நிற்கும், நைலான் தேயாமல் தாங்கும். பாலிப்ரோப்பிலீன் விலை குறைவு, கறை ஒட்டாது என்பான். அது உண்மைதான், ஆனால் மிதித்து மிதித்து ஒருமுறை படுத்தால் எழவே எழாது. படுக்கையறைக்குப் போட்டுக்கொள், படிக்கு வேண்டாம். உன்னிடம் அந்தச் சாம்பல் பூனை இன்னும் இருக்கிறதா? இருந்தால் சுருள் சுருளாக நெய்தது வேண்டாம். ஒரு நூலில் நகம் மாட்டினால் வரிசையாக உருவிக்கொண்டு வரும்.

போட வருகிறவனிடம் மூன்று விஷயம் கேள். கார்பெட்டைத் தடவினால் முடி ஒரு பக்கம் படியும், மறுபக்கம் சிலிர்க்கும். படியும் பக்கம் கீழ்நோக்கி வரவேண்டும், எல்லாப் படியிலும் ஒரே மாதிரி. அடியில் போடும் அண்டர்லே கெட்டியாக இருக்கவேண்டும், பஞ்சு மாதிரி இருந்தால் முனையில் கார்பெட் சீக்கிரம் கிழியும். அந்த அண்டர்லே முனையைச் சுற்றி மடிந்து கீழே பிடித்திருக்க வேண்டும், மேற்பலகையோடு நறுக்கி விட்டுவிடக் கூடாது. மூன்றாவது, கிரிப்பர், கார்பெட்டைக் கவ்விப் பிடிக்கும் ஆணி வைத்த பட்டை. ஒவ்வொரு படியின் உள்மூலையிலும் இரண்டு பட்டை, படுக்கையாக ஒன்று, நிற்கும் பலகையில் ஒன்று. ஆணிகள் மூலையைப் பார்த்திருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் கார்பெட்டின் தடிமனைவிடக் கொஞ்சம் குறைவான சந்து விட்டு, அதற்குள் கார்பெட்டை இறுக்கித் திணிக்கவேண்டும். வெறும் ஸ்டேப்பிள் அடித்துவிட்டுப் போகிறவன் என்றால் அனுப்பிவிடு. முக்கோணப் படிகளை ஒவ்வொன்றாகத் தனியே வெட்டச் சொல், இல்லையென்றால் நீளத் துண்டிலேயே மடித்துச் சமாளிப்பான், அங்கேதான் மேடு தட்டும்.

இன்னொன்றும் உண்டு. பழைய ஆட்கள் ஒரு முழம் அதிகமாக வாங்கி, மேல் படியின் பின்னால் மடித்து வைப்பார்கள். சில வருஷம் கழித்து முனை தேய்ந்தால், மொத்தமாகக் கொஞ்சம் கீழே இறக்கிப் போட்டால் தேயாத பகுதி முனைக்கு வந்துவிடும். நேராக ஓடும் பத்துப் படிக்கு இது நடக்கும். இப்போது யாரும் செய்வதில்லை. நீ கேட்டுப் பார்.

அதுவரை சாக்ஸ் வேண்டாம். ரப்பர் அடி வைத்த செருப்பு போட்டுக்கொள். கைப்பிடியைப் பிடித்துத்தான் இறங்கவேண்டும். துணிக்கூடையை மாப்பிள்ளை தூக்கட்டும். அவர் தூக்குகிறாரா? வேலை வேலை என்று இருந்துவிடப் போகிறார்.

அம்மா இப்போதெல்லாம் நீ கூப்பிட்டால் போனோடு பின்கட்டுக்குப் போய்விடுகிறாள். போன வாரம் சந்தையில் சுக்கும் பனங்கருப்பட்டியும் வாங்கி வந்து, டின்னில் போட்டு, டின்னுக்கு மேலே துணி கட்டி வைத்தாள். பழைய காட்டன் சேலைகளைத் துவைத்துத் துண்டு துண்டாகக் கிழித்து மடிக்கிறாள். பாஸ்போர்ட்டையும் புதுப்பித்தாயிற்று. நான் எதையும் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். நீ சொல்லும்போது சொல். கைப்பிடியை மட்டும் பிடித்து இறங்கு, பாப்பா. ராத்திரியில் விளக்கைப் போடாமல் இறங்காதே.

படத்தில் கீழிருந்து மூன்றாவது படியின் முனை கொஞ்சம் தூக்கினாற்போல் தெரிகிறது. நிழலாகவும் இருக்கலாம். மாப்பிள்ளையை அதன்மேல் ஏறி நின்று பார்க்கச் சொல். ஆடினால் கார்பெட் போடுவதற்கு முன்னாலேயே ஸ்க்ரூ போட்டு இறுக்கவேண்டும். மேலே விரித்துவிட்டால் அப்புறம் யாருக்கும் தெரியாது, ஆடிக்கொண்டேதான் இருக்கும்.

நம் வீட்டிலும் மூன்றாவது படிதான்.

இதை எழுதத்தான் உட்கார்ந்தேனா என்று தெரியவில்லை. எழுதிவிடுகிறேன். அந்தப் படி முனையில் நான் அடித்த அலுமினியத் தகடு இருக்கிறதே, அது ஆடுவது எனக்குத் தீபாவளிக்கு முன்னாலேயே தெரியும். இரண்டு ஸ்க்ரூ கழன்று துவாரம் பெரிதாகியிருந்தது. புதிதாகத் துளை போட்டு இறுக்குவது பத்து நிமிஷ வேலை. சாமானெல்லாம் என் பையிலேயே இருந்தது. ஊரார் படிக்கெல்லாம் வேலை செய்துவிட்டு வந்து வீட்டில் குனிய எனக்கு மனசு வரவில்லை. நாளைக்கு நாளைக்கு என்று விட்டேன். அதற்கு முந்தின லீவில் நீ வந்தபோதே சொன்னாய், "ஊருக்கெல்லாம் போடுறீங்க, பாட்டி ஏறி இறங்குற படிக்கு ஒரு துண்டு போடக் கூடாதாப்பா" என்று. நம் ஊர் ஈரத்துக்குக் கார்பெட்டில் பூசணம் பிடிக்கும் என்று பெரிய வாத்தியார் மாதிரி பேசினேன். பூசணம் பிடிக்கும்தான். ஆனால் ஸ்டோரில் நைலான் ரோல் மிச்சம் கிடந்தது. காற்றோட்டமாக, கழற்றிக் காயவைக்கிற மாதிரி போட எனக்குத் தெரியாதா?

அந்தத் தைப்பூசத்துக்குப் பாட்டி தண்ணீர்மலை முருகன் கோயிலில் 513 படியையும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறிவிட்டு வந்தார். நம் வீட்டில் இருப்பது 14 படி.

அவர் விழுந்த அன்று ராத்திரி அம்மாவும் தம்பியும் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். நான் துணி எடுத்துவர வீட்டுக்கு வந்தேன். டிரில்லை எடுத்து அந்தத் தகட்டை இறுக்கினேன். பாட்டி அப்போது உயிரோடுதான் இருந்தார். யாரும் பார்த்துவிடக் கூடாது என்றுதான் செய்தேன், வேறு காரணம் இல்லை. பதினோரு நாள் கழித்து நீ வந்து இறங்கினபோது அந்தப் படி கல் மாதிரி இருந்தது.

கருமாதி அன்று எல்லோர் முன்னாலும் நான் அம்மாவைச் சொன்னேன். மாப் போட்டு ஈரத்தை அப்படியே விட்டாள் என்றேன். அம்மா மாப் போட்டது காலை எட்டு மணிக்கு. பாட்டி விழுந்தது மதியம் மூன்று மணிக்கு. மொசைக் படி நம் வெயிலுக்கு எவ்வளவு நேரத்தில் காயும் என்று எனக்குத் தெரியும். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. நீதான் கேட்டாய், "அம்மாவை ஏன் சொல்றீங்க" என்று. உன் மேல் கையை ஓங்கினேன். 29 வயது மகள் மேல். அதற்கப்புறம் இரண்டு வருஷமாக உன் குரலில் நான் கேட்பது "சாப்பிட்டீங்களா, சரி, அம்மாகிட்ட குடுங்க" மட்டும்தான். உன் மேல் தப்பில்லை.

போன வாரம் நம் படிக்குக் கார்பெட் போட்டேன். மூன்று நாள் ஆனது, முன்பு அரை நாள் வேலை. கார்பெட்டை இழுத்து விரிக்க முழங்காலால் இடிக்கும் கிக்கரை வலது முழங்கால் இப்போது இடிக்க விடுவதில்லை, கையால் இழுத்துத்தான் போட்டேன். இரண்டு பக்கமும் மொசைக் தெரிய, நடுவில் மட்டும் ஓடும் நீளத் துண்டு. மழைக்காலத்தில் கழற்றிவிடலாம். அம்மா படிப்படியாக மேலே நகர்ந்து உட்கார்ந்து டார்ச் பிடித்தாள். மூன்றாவது படியில் என் கை நின்றுவிட்டது. "என்ன?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

நாளைக் காலையில் தம்பி வேலையிலிருந்து வருவதற்கு முன்னால் அம்மாவிடம் சொல்லப் போகிறேன். இது உன் கைக்கு வரும்போது அவளுக்குத் தெரிந்திருக்கும். அவள் உன்னிடம் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள். எனக்காகப் பேசாதே.

படியின் அகலத்தை மூன்று இடத்தில் அளக்கவேண்டும், கீழே, நடுவில், மேலே. பழைய வீட்டில் சுவர் நேராக இருக்காது, பெரிய அளவைத்தான் எடுக்கவேண்டும். ஒரு படியின் உயரம், கால் வைக்கும் அகலம், முனை வெளியே நீட்டியிருப்பது, மூன்றையும் எழுது. முக்கோணப் படிகளை அகலமான பக்கத்தில் அள. நீ குனியாதே, மாப்பிள்ளை அளக்கட்டும், நீ எழுதிக்கொள். அனுப்பினால் எத்தனை மீட்டர் வாங்கவேண்டும் என்று கணக்குப் போட்டுத் தருகிறேன், கடைக்காரன் கணக்கை நம்பாதே.

அளவை அம்மா போனுக்கே அனுப்பு. அப்பாவிடம் காட்டச் சொல்லி ஒரு வரி சேர்த்து எழுது.

சாக்ஸ் வேண்டாம்.

அப்பா